மூட்டிலிருந்து தொடங்குங்கள்: தரையடிச் சூட்டுக்குக் குழாயும் துணைச் சாமான்களும்

பிரிட்டனில் வீட்டின் பின்பக்கம் சமையலறையை நீட்டிக் கட்டுகிறவர்களும், கேஸ் பாய்லரைக் கழற்றிவிட்டு ஹீட் பம்ப் வைக்கிறவர்களும் ஒரு கட்டத்தில் தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் ஓடவிடுவதைப் பற்றி யோசிக்கிறார்கள். முடிவெடுத்த மறுநாளே நூறு மீட்டர் குழாய்ச் சுருள் எங்கே மலிவு என்ற தேடல் தொடங்கிவிடும். சுருள் வந்து இறங்கிய பிறகு மேனிஃபோல்ட் வாங்குவார்கள். குழாய்களெல்லாம் வந்து சேர்கிற, பித்தளையிலோ துருப்பிடிக்காத எஃகிலோ செய்த பகிர்வுக்கட்டை அது. குழாயை அதில் பூட்டுகிற நட்டும் வளையமும் கடைசியில், பெரும்பாலும் வேலை நடக்கிற அன்று காலையில், கடையில் கிடைத்ததைக் கொண்டு முடிந்துவிடும். சில பவுண்டுச் சாமான்தானே என்ற எண்ணம். இந்த அத்தியாயம் அந்த வரிசையைத் தலைகீழாக்கச் சொல்கிறது. முதலில் மூட்டு எப்படிப்பட்டது என்பதை முடிவு செய்யுங்கள். குழாயை அதற்குப் பிறகு வாங்கலாம்.

ஏன் என்பதற்குக் கணக்கே பதில் சொல்லும். இருபது சதுர மீட்டர் சமையலறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். குழாய்களுக்கிடையே 150 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 6.7 மீட்டர் குழாய் வேண்டும். மொத்தம் 134 மீட்டர். 16 மில்லிமீட்டர் குழாயில் ஒரு சுற்று நூறு மீட்டரைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது வழக்கம் என்பதால் இதை இரண்டு சுற்றாகப் பிரிப்பார்கள். ஒழுங்காகப் பதித்த சுற்றில் தரைக்குள் ஒட்டே இருக்காது. ஒவ்வொரு சுற்றும் மேனிஃபோல்டில் புறப்பட்டு மேனிஃபோல்டிலேயே வந்து முடியும். ஆக, 134 மீட்டர் குழாய்க்கு மூட்டுகள் நான்கே நான்கு. ஆணி அடித்தோ துளைபோட்டோ யாராவது ஓட்டை போட்டால் ஒழிய நடுக்குழாய் ஒழுகுவது அபூர்வம். ஒழுகினால் அந்த நான்கில் ஒன்றில்தான் ஒழுகும். செலவில் மிகச் சிறிய பங்கு எங்கே போகிறதோ, அங்கேதான் ஆபத்தின் மிகப் பெரிய பங்கு உட்கார்ந்திருக்கிறது.

தர நிர்ணயம் செய்கிறவர்களும் இதை அறிந்தே எழுதியிருக்கிறார்கள். குறுக்குப்பிணைப்பு செய்த பாலிஎத்திலீன் குழாயை, அதாவது கடையில் பெக்ஸ் என்று சொல்லப்படுவதை, ஆளுவது ஐ.எஸ்.ஓ. 15875 என்ற தரம். அதன் இரண்டாம் பகுதி குழாயைப் பற்றியது, மூன்றாம் பகுதி இணைப்புகளைப் பற்றியது. இரண்டும் தனித்தனியே தேறிவிட்டால் போதும் என்றிருந்தால் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஐந்தாம் பகுதி என்று தனியாக ஒன்று உண்டு. அது குழாயையும் இணைப்பையும் பூட்டி, பூட்டிய நிலையில் சோதிக்கச் சொல்கிறது. இழுத்துப் பார்க்கிறார்கள், வளைத்துப் பார்க்கிறார்கள், அழுத்தத்தை ஏற்றி இறக்குகிறார்கள், சூட்டு நீரையும் குளிர் நீரையும் மாற்றி மாற்றி 5000 முறை ஓட விடுகிறார்கள். இந்தக் கடைசிச் சோதனையில்தான் பொருந்தாத ஜோடி தன்னைக் காட்டிக்கொடுக்கும். பித்தளையைவிடப் பிளாஸ்டிக் சூட்டில் பல மடங்கு விரியும்; ஒவ்வொரு சூட்டுக்கும் ஒவ்வொரு குளிர்ச்சிக்கும் மூட்டு கொஞ்சம் அசையும். சான்றிதழில் தேறியதாக எழுதப்படுவது அந்தக் குழாயும் அந்த இணைப்பும் சேர்ந்த ஜோடிதான். வேறு ஜோடியைப் பற்றி அந்தக் காகிதம் ஒன்றும் சொல்வதில்லை.

ஜோடி தவறினால் என்ன ஆகும் என்பதற்கு வட அமெரிக்காவில் இரண்டு பெரிய பாடங்கள் இருக்கின்றன. கனடாவில் வீடு வாங்கியிருக்கிற தமிழர்கள் பலருக்குக் கைட்டெக் என்ற பெயர் வீட்டுப் பரிசோதகரின் வாயிலிருந்து கேட்ட பெயர். நடுவில் அலுமினியப் படலம் வைத்த குழாயும் அதற்கான பித்தளை இணைப்புகளுமாக 1995 முதல் 2007 வரை கனடாவிலும் அமெரிக்காவிலும் விற்ற சாமான் அது; தண்ணீர்க் குழாயாகவும் தரைச் சூட்டுக்கும் போட்டார்கள். பித்தளையில் துத்தநாகம் அதிகம். ஓடுகிற நீரில் அந்தத் துத்தநாகம் கரைந்து வெளியேற, இணைப்புகள் அடைத்துக்கொண்டன, பிறகு உடைந்தன. வழக்கு 12.5 கோடி அமெரிக்க டாலர் சமரசத்தில் முடிந்தது. இன்னொன்று பாலிபியூட்டிலீன். 1978 முதல் 1995 வரை அமெரிக்க வீடுகளில் குடிநீர்க் குழாயாகப் போட்ட இது, நீரில் கலந்த குளோரினால் தேய்ந்தது. குழாயும் தேய்ந்தது, அதைப் பூட்டிய அசிட்டல் பிளாஸ்டிக் இணைப்புகளும் தேய்ந்தன. அங்கே சந்தையை விட்டே போனது. அதே பாலிபியூட்டிலீன் பிரிட்டனில் இன்றும் அங்கீகாரத்தோடு விற்பனையாகிறது. தனக்கென்று செய்த இணைப்புகளோடு, குளோரின் புதிதாக வந்துகொண்டே இராத மூடிய சூட்டுச் சுற்றில், அமைதியாக வேலை செய்கிறது. பொருளின் பெயரை மட்டும் வைத்து நல்லது கெட்டது என்று தீர்ப்பு எழுதுவது ஏன் தவறு என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இனி அளவுக்கு வருவோம். அதிகத் தவறு நடக்கிற இடம் இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும். இன்று பிரிட்டனில் இருந்துகொண்டு இணையத்தில் வாங்குகிறவர் கைக்கு மூன்று குடும்பத்துக் குழாய்கள் வந்து சேரலாம். முதலாவது 15 மில்லிமீட்டர். பிரிட்டனின் செப்புக்குழாய் அளவையே பிளாஸ்டிக்கிலும் பின்பற்றியது. இரண்டாவது ஐரோப்பியக் கண்டத்து 16 × 2, அதாவது வெளிவிட்டம் 16, சுவர்த் தடிப்பு 2, உட்துளை 12 மில்லிமீட்டர். மூன்றாவது அமெரிக்க அரை அங்குலம். இந்த அரை அங்குலம் பெயரளவில்தான் அரை அங்குலம். அதன் உண்மையான வெளிவிட்டம் எட்டில் ஐந்து பங்கு அங்குலம், 15.9 மில்லிமீட்டர். 15 மில்லிமீட்டர் இணைப்புக்குள் 16 போகாது, அதனால் அங்கே தவறு உடனே தெரிந்துவிடும். ஐரோப்பிய 16-க்குச் செய்த நட்டுக்குள் அமெரிக்கக் குழாய் வழுக்கிக்கொண்டு போய் உட்காரும், கையால் இழுத்தால் வராது, அழுத்தச் சோதனையிலும் தேறிவிடக்கூடும். வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு, கண்ணுக்குத் தெரியாது. ரப்பர் வளையத்துக்குத் தெரியும்.

வெளிவிட்டம் ஒத்துப்போனாலும் வேலை முடியவில்லை. மேனிஃபோல்டில் குழாயைப் பூட்டுகிற அடாப்டரைக் கழற்றிப் பார்த்தால் மூன்று துண்டுகள் இருக்கும்: வெளியே நட், நடுவில் பிளந்த வளையம், உள்ளே ஓ-ரிங் மாட்டிய ஒரு முளை. நட்டை இறுக்கும்போது பிளந்த வளையம் குழாயை வெளியிலிருந்து கவ்வுகிறது. நீரை நிறுத்துவது உள்ளே நுழைந்த முளையின் ஓ-ரிங். ஆகவே நீர் கசியாமல் இருப்பதைத் தீர்மானிப்பது உட்துளை. 16 × 2 குழாயில் துளை 12 மில்லிமீட்டர். 16 × 1.8 குழாயில் 12.4. முன்னதற்குச் செய்த முளையைப் பின்னதில் செருகினால் ஓ-ரிங் நசுங்க வேண்டிய அளவு நசுங்காது. அதனால்தான் அடாப்டரில் இரண்டு எண்களும் பொறித்திருக்கும். ஓர் எண்ணை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். அலுமினியம் வைத்த பல்லடுக்குக் குழாய்க்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. வெட்டிய முனையில் தெரிகிற அலுமினியம் பித்தளையைத் தொட்டால், ஈரத்தின் துணையோடு மின்வேதி அரிப்பு தொடங்கும். அதைத் தடுக்கப் பல்லடுக்கு அடாப்டரில் ஒரு சிறிய பிளாஸ்டிக் வாஷர் இருக்கும். வெறும் பெக்ஸுக்கான அடாப்டரில் அது இராது. வெட்டிய முனையை வட்டத்துக்குக் கொண்டுவந்து உள்விளிம்பைச் சீவாமல் செருகினால் கூரான விளிம்பு ஓ-ரிங்கை அறுத்துவிடும். குழாயை வெளியிலிருந்து அடைக்கிற, தள்ளிச் செருகும் இணைப்பாக இருந்தால் கவலை வேறு இடத்தில்: குழாயின் வெளிப்பரப்பில் கீறல் இருக்கக் கூடாது, உள்ளே தாங்குகுழல் போட்டிருக்க வேண்டும், அந்தத் தாங்குகுழலும் அந்தத் தயாரிப்பாளருடைய துளைக்கு உரியதாக இருக்க வேண்டும். 15 மில்லிமீட்டர் என்று பெயர் ஒன்றாக இருந்தாலும் சுவர்த் தடிப்பு எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றல்ல.

அடாப்டரின் மறுபக்கம் மேனிஃபோல்டைப் பார்க்கிறது. ஐரோப்பாவில் இங்கே பெரும்பாலும் யூரோகோன் என்ற வடிவம் நிலைத்துவிட்டது: வெளியே முக்கால் அங்குலக் குழாய்மரை, உள்ளே கூம்பு வடிவப் பள்ளம். ஆனால் எல்லா மேனிஃபோல்டும் அதுவல்ல. 24 மில்லிமீட்டர் மெட்ரிக் மரையோடு வருவதும் உண்டு, தன் சொந்த வடிவத்தை விடாத தயாரிப்பாளர்களும் உண்டு. முக்கால் அங்குல மரையின் வெளிவிட்டம் 26.4 மில்லிமீட்டர். வெர்னியர் காலிப்பரை வைத்து ஒரு தடவை அளந்தால் குழப்பம் தீர்ந்தது. காலிப்பர் விலை ஒரு தவறான அடாப்டர் பொட்டலத்தின் விலைதான்.

இந்த இடத்தில் நியாயமான ஓர் ஆட்சேபம் எழும். தரங்கள் எதற்கு இருக்கின்றன? எல்லாரும் ஒரே அளவில் செய்தால் யாருடையதையும் யாருடையதோடும் சேர்க்கலாம் அல்லவா? எல்லாவற்றையும் ஒரே கம்பெனியிடம் வாங்கு என்பது வியாபாரிகள் கிளப்பிவிட்ட பயம் இல்லையா? பாதி உண்மைதான். தரையில் பதிக்கும் காப்புப்பலகை, கிளிப், மேனிஃபோல்ட் அலமாரி, பம்ப் இவற்றுக்கெல்லாம் ஒரே பெயர் வேண்டுமென்று சொல்கிறவர் உங்கள் பணத்தைப் பார்த்துப் பேசுகிறார். யூரோகோன் வந்ததே இந்தக் கட்டைத் தளர்த்தத்தான். கூம்புக்கு இந்தப் பக்கம் ஒருவருடைய மேனிஃபோல்டும் அந்தப் பக்கம் இன்னொருவருடைய குழாயும் நிம்மதியாக இருக்கலாம், நடுவிலுள்ள அடாப்டர் அந்தக் குழாய்க்கு உரியதென்று குழாய்த் தயாரிப்பாளரே எழுதிக் கொடுத்திருந்தால். ஆனால் இந்தச் சுதந்திரம் கழற்றக்கூடிய, கண்ணுக்குத் தெரிகிற மூட்டுக்கு மட்டும். இயந்திரத்தால் அழுத்திப் பூட்டும் மூட்டுகளில் இது கிடையாது. அங்கே குழாய், இணைப்பு, அழுத்தும் தாடையின் வடிவம் ஆகிய மூன்றும் ஒத்துப்போக வேண்டும். யு என்றும் டி.எச். என்றும் பெயரிட்ட தாடைகள் ஒன்றுக்கொன்று மாற்று ஆகா. தவறான தாடையால் அழுத்திய மூட்டு பார்ப்பதற்குச் சரியாகவே இருக்கும். தரைக்குள் ஒட்டுப் போட்டே ஆகவேண்டிய நிலை வந்தால் கலப்படமே கூடாது. அந்த ஒட்டின் இடத்தை அளந்து வரைபடத்தில் குறித்து வைக்கச் சொல்கிறது தரைச் சூட்டுக்கான ஐரோப்பியத் தரம் 1264. ஒருநாள் அந்த இடத்தைத் தோண்ட நேரும் என்ற எதிர்பார்ப்பு அந்த ஒரு வரியிலேயே இருக்கிறது.

பொருத்தம் என்பது மரையோடும் துளையோடும் முடிவதில்லை. பிளாஸ்டிக் சுவர் வழியாக ஆக்சிஜன் உள்ளே புகும். நீர் வெளியே வராதே தவிரக் காற்று உள்ளே போகும். 1970-களிலும் 80-களிலும் ஜெர்மனியில் பதித்த தரைச் சூட்டுக் குழாய்கள் பலவற்றில் தடுப்புப் படலம் இல்லை. நீரில் சேர்ந்த ஆக்சிஜன் எஃகு ரேடியேட்டரையும் பாய்லரையும் அரித்தது. அரித்த இரும்பு கறுப்புச் சேறாகிக் குழாயையும் பம்பையும் அடைத்தது. குழாய்க்கு ஒன்றும் ஆகாது, தண்டனை மற்ற உறுப்புகளுக்கு. அந்த அனுபவத்தின் விளைவுதான் டின் 4726 என்ற ஜெர்மன் தரம். 40 டிகிரியில் ஒரு சதுர மீட்டர் குழாய்ப் பரப்பு வழியாக ஒரு நாளைக்கு 0.32 மில்லிகிராம் ஆக்சிஜனுக்கு மேல் புகக் கூடாது என்பது அதன் வரம்பு. இ.வி.ஓ.எச். என்ற பிளாஸ்டிக்கின் மெல்லிய படலமோ அலுமினியப் படலமோ இந்த வேலையைச் செய்கிறது. குடிநீருக்கு விற்கும் பெக்ஸில் பெரும்பாலும் இது இருக்காது. விலை குறைவு என்று அதை வாங்கித் தரையில் புதைக்கிறவர்கள் இன்றும் உண்டு. அரிப்புத் தடுப்பு மருந்து ஊற்றினால் போதாதா என்று கேட்கலாம். மருந்து தீரும், ஆக்சிஜன் தீராது. ஆண்டுதோறும் அளவு பார்த்து ஊற்ற ஆள் இருக்கிற வீட்டுக்கு வேண்டுமானால் அந்த வாதம் செல்லும். ஏற்கெனவே தடுப்பில்லாக் குழாய் தரையில் இருக்கிறதென்றால், தட்டு வெப்பமாற்றி ஒன்றை இடையில் வைத்து அந்தச் சுற்றை மற்றதிலிருந்து பிரிப்பதே சரி. புதிதாகப் பதிக்கும்போது இப்படி ஒரு சுற்றுவழிக்கு அவசியமே இல்லை. இ.வி.ஓ.எச். படலம் வெளிப்புறத்தில் இருந்தால் கம்பி வலைமேல் இழுக்கும்போது கீறும். ஐந்தடுக்குக் குழாயில் அது நடுவில் பாதுகாப்பாக இருக்கும். இருக்கிற சில்லறை விலை வித்தியாசத்துக்கு நான் ஐந்தடுக்கையே சொல்வேன்.

அடுத்தது வெப்பம். குழாயின் மேல் மீட்டருக்கு மீட்டர் அச்சிட்டிருக்கும் வரியில் கிளாஸ் 4, கிளாஸ் 5 என்று ஒரு குறிப்பு வரும், பக்கத்தில் பார் கணக்கில் அழுத்தம். கிளாஸ் 4 தரைச் சூட்டுக்கானது. ஐம்பது ஆண்டு வாழ்வை அது இப்படிப் பங்கிடுகிறது: 60 டிகிரியில் 25 ஆண்டு, 40 டிகிரியில் 20 ஆண்டு, 70 டிகிரியில் இரண்டரை ஆண்டு, 20 டிகிரியில் இரண்டரை ஆண்டு. கிளாஸ் 5 ரேடியேட்டருக்கு, 90 டிகிரி வரை. சுற்றுக்குக் கிளாஸ் 4 தாராளம். ஆனால் பாய்லரிலிருந்து, சூட்டைக் குறைக்கும் கலப்பு வால்வு வரை வருகிற குழாயில் கலக்காத சூட்டு நீர் ஓடுகிறது. மிச்சமிருந்த சுருளை அங்கே இழுத்துவிடுவதுதான் வழக்கமான தப்பு. அங்கே கிளாஸ் 5 அல்லது செம்பு. இங்கிலாந்தின் கட்டட விதிப்படி 2022 ஜூன் முதல் புதிதாகப் போடும் வெந்நீர்ச் சூட்டு அமைப்பை 55 டிகிரிக்கு மேற்படாத நீருக்குத்தான் வடிவமைக்க வேண்டும் என்பதால் புது வீடுகளில் இந்தக் கவலை குறைந்திருக்கிறது. பழைய பாய்லரோடு ஒட்டவைக்கிற நீட்டிப்பு அறையில் குறையவில்லை.

மேனிஃபோல்டின் தலையில் உட்காரும் மின் ஆக்சுவேட்டர்களைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. 30 × 1.5 மரை பரவலானது, 28 × 1.5 மரையும் உண்டு. மரை ஒத்தாலும் வால்வின் ஊசி உயரம் ஒத்துப்போகாவிட்டால் முழுதாக மூடாது. 230 வோல்ட்டா 24 வோல்ட்டா, மின்சாரம் இல்லாதபோது மூடியிருப்பதா திறந்திருப்பதா என்பவை கட்டுப்பாட்டுப் பெட்டியோடு சேர வேண்டும். மெல்லிய குழாயைத் தடித்த குழாயோடு ஒரே மேனிஃபோல்டில் சேர்ப்பதுதான் இதைவிடப் பெரிய பொருத்தமின்மை. உயரம் குறைந்த தரைக்கு 12 மில்லிமீட்டர், மற்ற அறைக்கு 16 என்று அடாப்டரால் பூட்டிவிடலாம், மரை தடுக்காது. நீரின் கணக்கு தடுக்கும். குழாயின் உராய்வு இழப்பு உட்துளையின் ஏறக்குறைய ஐந்தாம் அடுக்குக்கு எதிர்விகிதம். துளை 12-லிருந்து 8 ஆனால் அதே ஓட்டத்துக்கு இழப்பு ஏழரை மடங்கு. மெல்லிய சுற்றுகளைக் குறுக்கி, எண்ணிக்கையைக் கூட்டினால்தான் சமன் ஆகும். சமன் செய்ய ஓட்டமானிகள் இருக்கின்றனவே என்பார்கள். ஓட்டமானி தடித்த சுற்றை நெரித்து மெல்லியதற்குச் சமமாக்குமே தவிர, மெல்லியதில் இல்லாத ஓட்டத்தை உண்டாக்காது.

பெக்ஸா, பி.இ.ஆர்.டி. என்ற குறுக்குப்பிணைப்பில்லாப் பாலிஎத்திலீனா, பல்லடுக்கா என்ற பெரிய விவாதத்தைக் கடைசிக்குத் தள்ளியது வேண்டுமென்றேதான். ஹீட் பம்ப் தருகிற 35 முதல் 45 டிகிரி நீருக்கு, உரிய வகுப்பும் ஆக்சிஜன் தடுப்பும் உள்ள எந்தக் குழாயும் தாங்கும். வேறுபாடு பதிக்கிறவரின் கைக்குத்தான் அதிகம். பல்லடுக்கு வளைத்த இடத்தில் நிற்கும். பெக்ஸ் நிமிரப் பார்க்கும், கிளிப்பை நெருக்கிப் போட வேண்டும். பெராக்சைடு முறையில் செய்த பெக்ஸ்-ஏ மடங்கிவிட்டால் சூடுகாட்டி மீட்கலாம், அலுமினியம் வைத்தது மடங்கினால் வெட்டி எறிய வேண்டியதுதான். தனியாளாகப் பதிப்பவருக்குப் பல்லடுக்கு; குளிர்நாளில் கைக்கு விறைக்கும் பெக்ஸைச் சமாளிக்க இரண்டு பேர் இருந்தால் பெக்ஸ்-ஏ; பணம் இறுக்கமென்றால் பி.இ.ஆர்.டி. இரண்டாம் வகை, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

காரை ஊற்றுவதற்கு முன் அழுத்தச் சோதனை செய்யும்போது, வீட்டில் வழக்கமாக ஓடும் ஒன்று ஒன்றரை பாரில் பார்த்து முடித்துவிடாமல், தயாரிப்பாளர் சொல்லும் 4 முதல் 6 பார் வரை ஏற்றி, காரை ஊற்றும்போதும் அழுத்தத்தை இறக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். சுருள் முடியும்போது மிஞ்சுகிற குழாயில், அச்சிட்ட வரி முழுதாகத் தெரிகிற ஒரு மீட்டர் துண்டை வெட்டி, மீந்துபோன ஓர் அடாப்டரையும் அதோடு கட்டி, மேனிஃபோல்ட் அலமாரிக்குள் வையுங்கள். இருபது ஆண்டு கழித்து அந்தக் கதவைத் திறக்கப்போகிற பிளம்பருக்கு வேறு எந்த ஆவணமும் தேவைப்படாது.